பயப்படுகிற நாளில்

(சபையின் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கர்த்தருக்குள் அன்பானவர்களே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

நான் பிரசங்கியார் இல்லை. 31 வருஷம் நர்ஸாக வேலை பார்த்தவள். அதில் பெரும்பகுதி பெண்கள் சர்ஜிக்கல் வார்டில் கழிந்தது. "பயத்தைப் பற்றிப் பேசுங்கள்" என்று போதகர் ஐயா சொன்னதும், வேதத்திலிருந்து தொடங்குவதா, வார்டிலிருந்து தொடங்குவதா என்று யோசித்தேன். வார்டிலிருந்தே தொடங்குகிறேன். பயத்தின் முகத்தை நான் அதிகம் பார்த்தது அங்கேதான்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு பெண்ணுக்கு என்னவெல்லாம் நடக்கும் தெரியுமா? கழுத்தில் காதில் கிடப்பதைக் கழற்றச் சொல்வோம். அதை அவள் கைக்குட்டையில் முடிந்து அம்மாவிடமோ புருஷனிடமோ கொடுப்பாள். கொடுக்கும்போது அந்த முடிச்சை இரண்டு தடவை இறுக்கிப் பார்ப்பாள். பிறகு ஒரு தாளில் கையெழுத்து. அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பாதிப் பேர் கேட்கவே மாட்டார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று சொல்வோம். அதுவரை தாகமே இல்லாதவளுக்கு அந்த நிமிஷத்தில் தொண்டை வறண்டுபோகும். பிரஷர் பார்க்கப் போனால் கை ஜில்லென்று இருக்கும். "பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவோம். அந்த ஒரு வார்த்தையை என் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேனோ.

ஒரு ராத்திரி கடலோரத்து ஊரிலிருந்து வந்த ஒரு அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன். அறுபது வயது இருக்கும். கர்ப்பப்பை ஆபரேஷன். பிரஷர் 160-க்கு 100 காட்டியது. "பயப்படாதீங்க அம்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "பேடிக்காதன்னு நீங்க சொன்னா பேடி போயிருமா சிஸ்டர்? எனக்குப் பேடியாத்தான் இருக்கு. ஒரு அஞ்சு நிமிஷம் இங்க இரிங்க."

உட்கார்ந்தேன். நான் ஒன்றும் பேசவில்லை. அவர்களும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் பிரஷர் பார்த்தேன். குறைந்திருக்கும் என்று நினைப்பீர்கள். குறையவில்லை, அப்படியேதான் இருந்தது. ஆனால் அந்த அம்மா தூங்கிவிட்டார்கள்.

அந்த அஞ்சு நிமிஷம் எனக்கு என்ன சொல்லிக்கொடுத்தது என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. பல வருஷம் கழித்து, நானே அந்தக் கட்டிலில் படுத்தபோதுதான் புரிந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

"பயப்படாதே" என்ற வார்த்தை வேதத்தில் 365 தடவை வருகிறது, நாளுக்கு ஒன்று, என்று மேடைக்கு மேடை கேட்டிருப்பீர்கள். நானும் சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பிற்பாடு, எந்த வார்த்தை வேதத்தில் எங்கே வருகிறது என்று காட்டுகிற ஒத்தவாக்கியப் புத்தகத்தை எடுத்து எண்ணிப் பார்த்தேன். அத்தனை வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை. எண்ணிக்கையை விட்டுவிட்டு அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். "நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்" என்று ஏசாயா 41-ல் வருகிறது. ஈசாக்குக்கும் இதே சொல்தான், எரேமியாவுக்கும் இதே சொல்தான். பயப்படாதே என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துபோகிற தேவன் இல்லை நம் தேவன். "நான் இங்கேயே இருக்கிறேன்" என்கிற இரண்டாவது பாதி இல்லாமல் முதல் பாதியை அவர் சொல்வது அபூர்வம். நாம்தான் முதல் பாதியை மட்டும் வெட்டி எடுத்துக் காலண்டரில் போட்டு, பயந்துகிடக்கிறவர்களின் தலைமேல் அடிக்கிறோம்.

அடிக்கிறோம் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். என் வீட்டில் நடந்தது.

எனக்கு 56 வயது. ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் பாக்கி. குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவுதான். எத்தனையோ பெண்களுக்கு நானே தொட்டுப் பார்த்து "டாக்டரைக் காட்டுங்க, தள்ளிப் போடாதீங்க" என்று சொன்னவள் நான். அதை வைத்துக்கொண்டு 11 நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். என் வேலை தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். பயம் படித்தவள், படிக்காதவள் என்று பார்க்காது. பிறகு ஊசி போட்டுப் பரிசோதனைக்கு எடுத்தார்கள். ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள்.

அந்த வாரத்தில் ஜெபிக்க வந்த ஒருவரிடம் வாய்தவறி, "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். அவர் உடனே வேதத்தைத் திறந்து, "பயப்படுகிறவன் அன்பில் பூரணப்பட்டவன் அல்ல" என்று வாசித்தார். "சிஸ்டர், விசுவாசம் இருக்கிற இடத்தில் பயம் வராது" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என்னைத் தைரியப்படுத்துவதாகத்தான் நினைத்தார். ஆனால் அன்றைக்கு ராத்திரியிலிருந்து எனக்கு ஒன்றுக்கு இரண்டு பயம். கட்டியைப் பற்றிய பயம் ஒன்று. பயப்படுகிறேனே, அப்படியானால் நான் விசுவாசி இல்லையோ என்கிற பயம் இன்னொன்று. இரண்டாவது பயம்தான் என்னை அதிகமாய்க் கொன்றது. முதலாவதைப் பற்றி ஆண்டவரிடம் சொல்லலாம். இரண்டாவது வந்துவிட்டால் ஆண்டவரிடம் போகவே கூச்சமாகிவிடும்.

அந்த வசனத்தை அவர் வாசித்த இடத்துக்கு ஒரு வசனம் முன்னால் போயிருந்தால் போதும். 1 யோவான் 4-ம் அதிகாரம், 17-ம் வசனம். நியாயத்தீர்ப்பு நாளில் நமக்குத் தைரியம் உண்டாயிருக்க வேண்டும் என்று யோவான் எழுதுகிறார். அதைத் தொடர்ந்துதான் "பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்" என்கிறார். தேவன் நம்மைத் தண்டிக்கக் காத்திருக்கிறார் என்கிற பயம்தான் அங்கே பேச்சு. அந்தப் பயத்தை அன்பு வெளியே தள்ளுகிறது. கட்டி வந்தவள் நடுங்குவதையோ, பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளைக்கு வயிறு கலங்குவதையோ யோவான் குற்றமாக எழுதவில்லை. பயந்தவளைப் பயமுறுத்த அந்த வசனத்தை எடுப்பது, காயத்துக்குப் போடுகிற மருந்தைக் கண்ணில் ஊற்றுவதுபோல.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பயத்தை வைத்து ஊழியம் செய்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். கொடுக்காவிட்டால் சாபம் வரும், கூட்டத்துக்கு வராவிட்டால் ஆபத்து வரும், உன் வீட்டில் யாரோ எதையோ செய்து வைத்திருக்கிறார்கள், நான் வந்து ஜெபித்தால்தான் போகும் என்கிறார்கள். தாய்மார்களே, உங்களைப் பார்த்துக் கேட்கிறேன். யார் பேசி முடித்தபின் உங்களுக்குத் தேவனைவிடப் பிசாசு பெரியவனாகத் தெரிகிறதோ, அந்தக் கூட்டத்துக்கு ஏன் மறுபடி பஸ் ஏறுகிறீர்கள்?

சரி, அந்த வாரத்துக்கு வருகிறேன். மூன்று ராத்திரி தூக்கமில்லை. பகலில் வீட்டில் எல்லாரிடமும் சிரித்துப் பேசினேன். ராத்திரி குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வாளியில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் அழுதேன். வாளி நிறைந்து தண்ணீர் வழிந்து ஓடும். அதை மூடக்கூடத் தோன்றாது. நாலாவது நாள் விடியற்காலம் 56-ம் சங்கீதம் கண்ணில் பட்டது. தேடி எடுத்தது இல்லை. தினப்பகுதியில் வந்தது. "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்."

எத்தனையோ தடவை வாசித்த வசனம்தான். அன்றைக்குத்தான் அந்த வார்த்தையைப் பார்த்தேன். "நான் பயப்படுகிற நாளில்." பயம் போன மறுநாளில் என்று தாவீது சொல்லவில்லை. கோலியாத்தின் முன்னால் நின்றவன், காத் என்ற ஊரிலே பெலிஸ்தர் கையில் சிக்கியபோது பாடின சங்கீதம் அது. தலைப்பிலேயே அப்படித்தான் இருக்கிறது. பயமும் நம்பிக்கையும் ஒரே நாளில், ஒரே வாக்கியத்தில், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றை விரட்டிவிட்டுத்தான் மற்றது வரவேண்டும் என்று யார் எனக்குச் சொன்னது? அன்றைக்குக் காலையில் வாய்விட்டு ஜெபித்தேன். "ஆண்டவரே, எனக்குப் பயமாக இருக்கிறது." அவ்வளவுதான் ஜெபம். ஆமென்கூடச் சொன்னேனா என்று நினைவில்லை. பிறகு அடுக்களைக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு என்னையே பார்த்தார். "இதை ஏன் பிள்ளே இத்தனை நாள் சொல்லல?" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் நான் நெஞ்சுக்குள் வைத்திருக்கிற ஒரு மனுஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊருக்கும் வந்து போனவர்தான்.

மார்ட்டின் லூதர் கிங். பெயரைக் கேட்டதும் பெரிய மேடையும் லட்சக்கணக்கான ஜனமும்தான் நமக்கு நினைவுக்கு வரும். நான் சொல்லப்போவது ஒரு சமையலறை. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரம். 1955 டிசம்பர் 1-ம் தேதி ரோசா பார்க்ஸ் என்ற பெண் பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு இடம் விட்டு எழும்ப மறுத்தார். கைது செய்தார்கள். கறுப்பின மக்கள் பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று முடிவெடுத்தார்கள். வேலைக்கும் வீட்டுக்கும் நடந்தார்கள். அந்தப் போராட்டத்துக்குத் தலைவராக, ஊருக்கு வந்து கொஞ்ச காலமே ஆன 26 வயது போதகரைத் தெரிந்தெடுத்தார்கள். அவர்தான் கிங். வீட்டில் மனைவி கொரெட்டாவும், பிறந்து மூன்று வாரம்கூட ஆகாத பெண் குழந்தையும்.

ஜனவரியில் மிரட்டல்கள் குவிந்தன. கடிதம், டெலிபோன், ராத்திரி பகல் இல்லாமல். ஜனவரி 26-ம் தேதி அவர் காரை நிறுத்தி, 25 மைல் வேகத்தில் போகவேண்டிய இடத்தில் 30 மைல் வேகத்தில் போனதாகக் கைது செய்தார்கள். போலீஸ் காரில் இருட்டுக்குள் எங்கேயோ கொண்டுபோனபோது, கொலை செய்யத்தான் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்து நடுங்கியதாக அவரே எழுதியிருக்கிறார். தூரத்தில் ஜெயிலின் விளக்கு வெளிச்சத்தைப் பார்த்தபோது நிம்மதி வந்ததாம். ஜெயிலைப் பார்த்து நிம்மதி அடைகிற பயம் எப்பேர்ப்பட்ட பயம் என்று யோசித்துப் பாருங்கள்.

மறுநாள், 27-ம் தேதி ராத்திரி. களைத்துப்போய் வீட்டுக்கு வந்திருக்கிறார். மனைவி தூங்கிவிட்டார்கள். படுக்கப்போகிற நேரத்தில் டெலிபோன் மணி. ஊரைவிட்டுப் போகாவிட்டால் உயிரோடு இருக்க மாட்டாய், வீடும் இருக்காது என்று மிரட்டல். அப்படிப்பட்ட மிரட்டல் அவருக்குப் புதிது இல்லை. ஆனால் அன்றைக்குத் தாங்க முடியவில்லை. எழுந்து சமையலறைக்குப் போய்க் காப்பி போட்டுக்கொண்டார். கோப்பை முன்னாலேயே இருக்கிறது. குடிக்கவில்லை. என்ன யோசித்தார் தெரியுமா? கோழை என்று பெயர் எடுக்காமல் இதிலிருந்து எப்படி நழுவுவது என்று யோசித்தேன் என்று மறைக்காமல் எழுதியிருக்கிறார். எனக்கு அந்த வரியை வாசிக்கும்போதெல்லாம் கண் நிறையும். தைரியசாலி என்று உலகமே சொல்கிற மனுஷன், தப்பிக்க வழி தேடி உட்கார்ந்திருக்கிறார். காப்பி ஆறிக்கொண்டிருக்கிறது.

கடைசியில் மேசையில் குனிந்து சத்தமாக ஜெபித்தார். சரி என்று நம்பித்தான் நிற்கிறேன், ஆனால் இப்போது பயப்படுகிறேன். ஜனங்கள் என்னைப் பார்க்கிறார்கள், நான் பெலனில்லாமல் நின்றால் அவர்களும் தளர்ந்துபோவார்கள். என்னிடம் இனி ஒன்றும் மிச்சமில்லை, தனியாக இதைத் தாங்க என்னால் முடியாது. அந்த ஜெபத்தின் சாரம் இதுதான். அதில் ஒரு வசனம் இல்லை, "ஜெயம் எடுத்தேன்" என்ற அறிக்கை இல்லை. பயப்படுகிறேன் என்று மட்டும் இருக்கிறது. அந்த நேரத்தில்தான் இதற்குமுன் அறியாத விதமாகத் தேவன் தன் பக்கத்தில் இருப்பதை உணர்ந்தேன் என்கிறார். நீதிக்காக நில், நான் உன்னோடே இருப்பேன் என்று உள்ளே ஒரு குரல் பேசியது. பார்த்தீர்களா, அதே இரண்டாவது பாதி. வெளியே ஒன்றும் மாறவில்லை. டெலிபோன் அங்கேயேதான் இருந்தது.

மூன்று நாள் கழித்து, 30-ம் தேதி, அவர் கூட்டத்தில் இருந்தபோது வீட்டின் முன்பக்கத்தில் குண்டு வெடித்தது. உள்ளே மனைவியும் பத்து வாரக் குழந்தையும். யாருக்கும் காயமில்லை. அவர் வந்து பார்க்கும்போது வாசலில் கோபத்தோடு ஜனம் கூடியிருக்கிறது, பலர் கையில் ஆயுதம். உடைந்த வராந்தாவில் நின்று, ஆயுதங்களோடு வீட்டுக்குப் போங்கள், நம் சத்துருக்களை நேசிக்க வேண்டும் என்று பேசி அனுப்பிவைத்தார்.

சாட்சி சொல்கிற பலர் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். நான் நிறுத்த மாட்டேன். ஏனென்றால் அதன்பின் அவர் துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு மனுப் போட்டார். ஆமாம், அந்தச் சமையலறை அனுபவத்துக்குப் பிறகுதான். பயம் திரும்பி வந்தது. அனுமதி கிடைக்கவில்லை. பிறகு அவரும் மனைவியும் பேசி, வீட்டில் இருந்த ஒரே துப்பாக்கியையும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அது வீட்டில் இருந்த நாட்களில்தான் தனக்கு அதிகப் பயம் என்று அவர் எழுதுகிறார். ஒரு ராத்திரியில் பயம் ஒட்டுமொத்தமாக ஒழிந்துபோகும் என்று யாராவது உங்களுக்கு வாக்குக் கொடுத்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ராத்திரி அவருக்குக் கிடைத்தது, அடுத்த முறை பயம் வரும்போது எங்கே போய் உட்கார வேண்டும் என்கிற தெளிவு. அந்த ஜனங்கள் 381 நாள் பஸ் ஏறாமல் நடந்தார்கள். 1956 டிசம்பர் 21-ம் தேதி பஸ்ஸில் எந்த இருக்கையிலும் உட்காரலாம் என்றானது.

1959 பிப்ரவரியில் அவரும் கொரெட்டாவும் இந்தியாவுக்கு வந்தார்கள். திருவனந்தபுரத்திலிருந்து நம் கன்னியாகுமரிக்கும் வந்தார்கள். பௌர்ணமியை ஒட்டிய நாள். ஒருபக்கம் சூரியன் கடலில் இறங்கும்போதே மறுபக்கம் நிலா எழும்புவதைப் பார்த்தார்கள். ஊருக்குத் திரும்பித் தன் சபையில் அந்தக் காட்சியைச் சொன்னார், இருட்டிலும் தேவன் ஒரு வெளிச்சத்தை வைத்திருக்கிறார் என்று. நாம் பானிபூரி தின்றுகொண்டு பார்க்கிற அதே கடற்கரைதான். அங்கே போகிறபோதெல்லாம் எனக்கு அந்த ஆறிப்போன காப்பிதான் ஞாபகம் வரும்.

இப்போது இயேசுவும் சீஷர்களும் புயலில் சிக்கிய படவுக்குள் வருவோம். மாற்கு 4-ம் அதிகாரம். கலிலேயாக் கடல் என்கிறோமே, அது ஏரி. கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே ஒரு கிண்ணம்போல் கிடக்கிறது. சுற்றிலும் மேடு. மேட்டிலிருந்து காற்று திடீரென்று கீழே விழும். 1986-ல் வறட்சியில் தண்ணீர் வற்றியபோது, அந்த ஏரியின் சேற்றுக்குள் ஏறத்தாழ இயேசுவின் காலத்துப் படவு ஒன்று கிடைத்தது. 27 அடி நீளம், ஏழரை அடி அகலம். நம் கரையில் நிற்கிற வள்ளத்தின் அளவு. அதற்குள் பதின்மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலை உள்ளே அடித்து நிறைகிறது. அதில் நாலு பேர் பிறந்தது முதல் அந்தத் தண்ணீரிலேயே கிடக்கிற மீனவர்கள். அவர்களே மடிந்துபோகிறோம் என்றால் அது வீண்பயம் இல்லை. தொழில் தெரிந்தவனின் பயம். இயேசு பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார்.

அவர்கள் எழுப்பி என்ன கேட்டார்கள்? "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா?" மரியாதையான ஜெபமா இது? சண்டை. ஆனால் யாரிடம் சண்டை போட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மாற்கு சொல்கிற வரிசையைக் கவனியுங்கள். முதலில் எழுந்து காற்றை அதட்டினார், "இரையாதே, அமைதலாயிரு" என்று கடலைப் பார்த்துச் சொன்னார். எல்லாம் அடங்கினபின்தான் "ஏன் இப்படிப் பயப்பட்டீர்கள்?" என்று கேட்டார். மத்தேயு எழுதும்போது கேள்வி முன்னால் வருகிறது, உண்மைதான். எந்த வரிசையில் வாசித்தாலும் அவர் அதே படவில்தான் இருக்கிறார், அவர் துணியும் நனைந்துதான் இருந்திருக்கும். பேதுரு தண்ணீரில் அமிழ்ந்தபோதும் அப்படித்தான். உடனே கையை நீட்டிப் பிடித்தார், அதன்பின்தான் "அற்பவிசுவாசியே" என்றார். பிடித்த கை விடாமல் கேட்கிற கேள்வி அது.

அந்த அதிகாரத்தில் எல்லாரும் தாண்டிப் போகிற ஒரு வரி இருக்கிறது. "வேறே படவுகளும் அவரோடேகூட இருந்தது." வேறே படவுகள். எனக்கு அந்த வரியை நிம்மதியாக வாசிக்க முடிவதில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது நம் கரையில் நின்றவர்களுக்கு ஏன் என்று தெரியும். நாள்கணக்கில் கோயில் வாசலில் பாயில் உட்கார்ந்து கடலையே பார்த்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். திரும்பி வந்த வள்ளத்திலும் ஜெபம் இருந்தது, திரும்பாத வள்ளத்திலும் ஜெபம் இருந்தது. விசுவாசம் வைத்தால் கரை சேருவாய் என்று அந்தப் பெண்களின் முகத்துக்கு நேரே நின்று என்னால் சொல்ல முடியாது. கிங்கும் 1968 ஏப்ரல் 4-ம் தேதி 39 வயதில் சுடப்பட்டு இறந்தார். முந்தின நாள் ராத்திரிதான் எந்த மனுஷனுக்கும் நான் பயப்படவில்லை என்று பேசியிருந்தார். அந்தப் பெண்களோடு நான் செய்ய முடிந்தது பாயில் ஓரமாக உட்கார்ந்ததுதான். வேறே படவுகளுக்கு என்ன ஆயிற்று என்று ஆண்டவரிடம் நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கேட்பதை அவர் தடுக்கவில்லை.

அவரே பயந்தவர் அல்லவா! கெத்செமனேயில் "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்" என்று எழுதியிருக்கிறதே. விசுவாசம் இருந்தால் பயம் வராது என்றால், அந்தத் தோட்டத்தில் குப்புற விழுந்தவரை என்ன சொல்வோம்? அவர் சீஷர்களிடம் பிரசங்கம் கேட்கவில்லை. "இங்கே தங்கி விழித்திருங்கள்" என்றார். ஒரு அஞ்சு நிமிஷம் இங்க இரிங்க. அவர்கள் தூங்கிவிட்டார்கள்.

நர்ஸாக இருந்தவள் எலியா தீர்க்கதரிசியை விட்டுவிட்டுப் போக முடியாது. கர்மேல் மலையில் ஆகாயத்திலிருந்து அக்கினியை இறங்கப் பண்ணினவர், யேசபேல் ராணி சொல்லி அனுப்பிய ஒரு செய்தியில் உடைந்துபோனார். வனாந்தரத்தில் சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும், என்னை எடுத்துக்கொள்ளும் என்கிறார். தேவதூதன் வந்து என்ன செய்தான்? தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். தூங்கவிட்டு, இரண்டாம் தரம் எழுப்பி மறுபடியும் சாப்பாடு. ஓரேப் மலையில் தேவனுடைய அந்த மெல்லிய சத்தம் பேசுவதெல்லாம் அதற்கு எத்தனையோ நாள் கழித்துத்தான். முதலில் உறக்கம், உணவு, தண்ணீர். வார்டில் நாங்கள் செய்வதும் அதுதான்.

அதனால் சொல்கிறேன். நெஞ்சு படபடவென்று அடித்து, கை மரத்து, மூச்சு முட்டி, காரணமே தெரியாமல் செத்துப்போவேன் என்று தோன்றுகிறவர்கள் நம் சபையிலும் இருக்கிறீர்கள். என்னிடம் சிலர் சொல்லியிருக்கிறீர்கள். டாக்டரிடம் போங்கள். மாத்திரை கொடுத்தால் அவர் சொன்னபடி சாப்பிடுங்கள். "பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவியையே" தேவன் கொடுத்திருக்கிறார் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறாரே, அந்தத் தெளிந்த புத்தி ஆஸ்பத்திரி வாசலில் செருப்போடு கழற்றிவைக்க வேண்டியதா? மார்பில் கட்டியை வைத்துக்கொண்டு, "கர்த்தர் சுகமாக்குவார்" என்று ஆறு மாதம், எட்டு மாதம் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, புண்ணாகி நாற்றம் எடுத்தபின் வந்த சகோதரிகளுக்கு என் கையால் கட்டுப் போட்டிருக்கிறேன். அவர்களிடம் இருந்தது விசுவாசம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். கட்டுப் போடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு அவர்களே சொல்வார்கள், "டெஸ்ட் எடுக்கப் பயமா இருந்துச்சு சிஸ்டர், அதான்." பயத்துக்கு விசுவாசம் என்று பெயர் வைத்துவிட்டோம். பயம் என்று சொல்லியிருந்தால் யாராவது கூடப் போயிருப்பார்கள்.

என் ரிசல்ட் நல்லபடியாக வரவில்லை. புற்றுநோய்தான். ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் என் கழுத்துச் செயினைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்தேன். முடிச்சை இரண்டு தடவை இறுக்கினேன். கையெழுத்துப் போடும் முன் தாளை முழுதும் வாசித்தேன், தொழில் பழக்கம். பத்து மணிக்கு மேல் தொண்டை வறண்டது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பிள்ளை பிரஷர் பார்க்க வந்தாள். 22 வயது இருக்கும். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. குறித்துக்கொண்டு, "பயப்படாதீங்க ஆன்ட்டி" என்று சொல்லி அடுத்த கட்டிலுக்குத் திரும்பினாள்.

"பயமாத்தான் இருக்கு மக்களே," என்றேன். "கொஞ்ச நேரம் இங்க இரி."

அவள் வார்டைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு இன்னும் எத்தனை கட்டில் பாக்கி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் எந்தச் சபையோ, எந்த மதமோ, நான் கேட்கவில்லை. அவள் கை என் கையைவிட ஜில்லென்று இருந்தது. எனக்குள் அந்தக் கடலோரத்து அம்மாவின் முகம் வந்தது. "நான் உன்னுடனே இருக்கிறேன்" என்று சொன்னவர், அந்த ராத்திரி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார் என்றே நான் நம்புகிறேன். எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

எட்டு வருஷம் ஆகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை செக்கப். அடுத்த செவ்வாய்க்கிழமை போக வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது. வீட்டில் சொல்லிவிட்டேன், ஆண்டவரிடமும் சொல்லிவிட்டேன், இப்போது உங்களிடமும் சொல்லிவிட்டேன்.

கூட்டம் முடிந்து ஜெபம் ஆனபின் நான் இந்த முன்பெஞ்சில்தான் இருப்பேன். வீட்டுக்காரர் ஃபிளாஸ்கில் காப்பி கொண்டுவந்திருக்கிறார். யாருக்காவது பயமாக இருந்தால் வந்து பக்கத்தில் இருங்கள். பேச வேண்டும் என்றில்லை.